குப்பையும் ஈரமும் இல்லாம டி.ஏ.பி. என்ன செய்யும்?

(கரிசல் கிராம விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



புரட்டாசி விதைப்புக்கு டி.ஏ.பி. வாங்கப் போனா, 1,350 ரூபாய் மூட்டையோட வேற ஏதோ ஒரு பாட்டிலையும் தலையில கட்டுறாங்க. அதைக் கேட்கத்தான் கூடியிருக்கோம். அதுக்கு முன்னால, அந்த மூட்டை நம்ம கரிசல்ல என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுக்கணும்.

மணிச்சத்து தண்ணி மாதிரி ஓடாது, போட்ட இடத்திலேயே கிடக்கும். கரிசல்ல சுண்ணாம்பு அதிகம், அது பிடிச்சு வச்சுக்கும். ஈரம் காய்ஞ்சா இன்னும் மோசம். வேர் தன் பக்கத்தில் உள்ளதை எடுத்து முடித்ததும் தவிக்கும். அப்போ கைகொடுப்பது வேர்ப் பூசணம். வேளாண்மை ஆபீசில் 'வேம்' என்கிறார்களே, அதுதான். மக்காச்சோளம், உளுந்து, பருத்தி வேருக்குள் குடியிருந்து, முடியை விட மெல்லிய நூலை வெளியே விட்டு, வேர் நுழையாத சந்தில் எல்லாம் புகுந்து மணிச்சத்தும் கொஞ்சம் ஈரமும் கொண்டுவரும். கூலியாகப் பயிர் அதுக்குச் சர்க்கரை கொடுக்குது. பூசணம்னதும் பயப்படாதீங்க, வேரழுகல் பூசணம் வேற.

டி.ஏ.பி.யை அள்ளிக் கொட்டினா பயிர் இந்தக் கூலியாளை நிறுத்திடும். மண் சுண்டினாலும் பூசணம் வளராது, தண்ணி தேங்கினாலும் வளராது. மக்கிய குப்பை போட்ட மண் பொலபொலன்னு இருந்து, பெய்த மழையைப் பிடிச்சு வைக்கும். மழை ரெண்டு வாரம் தள்ளிப்போனா அந்த ஈரத்தில்தான் பயிர் நிக்கணும். பச்சைச் சாணத்தைக் கொட்டினா களையும் புழுவும்தான் மிச்சம். நம்ம ஊர்க் குப்பைக்குழியோ வெயிலில் காய்ஞ்சு கரையானுக்குப் போகுது. நிழலில் போட்டு, தண்ணி தெளிச்சு, 15 நாளைக்கு ஒருதரம் புரட்டணும். ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சா உள்ளங்கை நனையணும், சொட்டக்கூடாது.

இதுக்கு அரசு என்ன தருது? மண்வள அட்டையில் அங்கக கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே, 'குறைவு' என்று எழுதித் தருது. 2023-ல் மத்திய அரசு அங்கக உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் அறிவித்தது. யாருக்கு? எரிவாயு ஆலைகளில் வரும் உரத்துக்கு! மாட்டைக் கட்டி, சாணம் அள்ளி, நாம் மக்க வைக்கிற குப்பைக்கு அதில் ஒரு பைசா கிடையாது. அதே 1,500 நமக்கும் வேணும். உரத்தோடு வேறு பொருளைக் கட்டி விற்பதை நிறுத்தணும். வாங்கின எல்லாத்துக்கும் பில் தரணும்.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு எல்லோரும் கலெக்டர் ஆபீசுக்கு வாங்க. மண்வள அட்டையும் உர பில்லும் கையில் இருக்கட்டும். பில் தராத கடை என்றால் தேதியையும் வாங்கின மூட்டைக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக்கிட்டு வாங்க.