இரும்பின் நான்கு பதங்கள்

(கொல்லுத் தொழிலாளர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)

 

அறுவடை வேளையில் அரிவாளின் வாய் மடங்கினால் உழவரின் ஒருநாள் வேலை கெடுகிறது. கோடாலியின் முனை தெறித்தாலோ, அந்தச் சில்லு கண்ணையே பறித்துவிடக்கூடும். ஒரே வில்பட்டையிலிருந்து செய்த இரண்டு கருவிகளில் ஒன்று மடங்குவதும் மற்றொன்று உடைவதும் ஏன்? குற்றம் பெரும்பாலும் இரும்பில் அன்று, பதத்திலேயே உள்ளது. பதங்கள் நான்கினையும் நாம் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, சிவக்கக் காய்ச்சிய எஃகைச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுதல். பொறியியலார் இதனை அனீலிங் என்பர். எஃகு மென்மையுறும்; அரம் ஏறும்; துளையிடுதல் எளிதாகும்.

இரண்டாவது நார்மலைசிங். அடித்து முடித்த கருவியை மீண்டும் சிவக்கக் காய்ச்சி, அசைவற்ற காற்றில் ஆறவிடுவது. மிகுந்த சூட்டினால் பருத்த மணிகள் நுண்ணியவாகும். சம்மட்டி அடியால் உண்டான உள்ளிறுக்கமும் தணியும். பின்னர்த் தோய்க்கும்போது கருவி கோணுவது குறையும்.

மூன்றாவது தோய்ச்சல், அதாவது ஹார்டனிங். சூட்டின் அளவை அறியக் காந்தம் ஒன்று போதும். ஏறத்தாழ 770 டிகிரி சென்டிகிரேடில் எஃகு காந்தத்தில் ஒட்டாது. அதற்குச் சற்று மேலே சூடேற்றித் தோய்த்தல் வேண்டும். வில்பட்டைக்கு எண்ணெயே ஏற்றது. நீரில் தோய்த்தால் விரிசல் காணக்கூடும். எண்ணெய் தீப்பற்றும் ஆதலின், மூடியுள்ள இரும்புத் தொட்டியையே பயன்படுத்துக. கரிச்சத்து 0.25 சதவீதத்திற்குக் குறைந்த மெல்லிரும்பை எத்தனை முறை தோய்த்தாலும் கூர் நிலைக்கும் அளவுக்குக் கடினப்படாது.

தோய்த்ததும் வேலை முடிந்ததென்று கருதுவதே உடைவிற்குக் காரணம். அந்நிலையில் எஃகு கடினமாயினும் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையுடையது. எனவே நான்காவதாகிய டெம்பரிங்கைத் தாமதமின்றிச் செய்தல் வேண்டும். வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, இளஞ்சூட்டில் மெல்லக் காட்டுக. மேற்பரப்பில் மெல்லிய ஆக்ஸைடுப் படலம் படிந்து, நிறங்கள் வரிசையாகத் தோன்றும்: சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறம், 255-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 300-இல் நீலம். நிறம் ஏற ஏறக் கடினம் குறையும், உறுதி கூடும். மரவேலை உளிக்குப் பழுப்பும், அடி தாங்கவேண்டிய கோடாலிக்கும் இரும்பு வெட்டும் உளிக்கும் ஊதாவும் தக்கவை.

ஆலைக் கருவிகள் சந்தையில் குவிந்துள்ள இந்நாளில் பட்டறைக் கருவிக்கு மதிப்பைத் தருவது அதன் உழைப்பே. ஒரு காந்தமும், ஒரு தொட்டி எண்ணெயும், நிறத்தைக் காத்திருந்து நோக்கும் பொறுமையும் இருப்பின், நம் பட்டறை அரிவாளை நம்பி உழவர் வயலில் இறங்குவர்.