ஒரு வினாவும் ஐம்பத்தேழு ஆண்டுகளும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுக் காலம் இடையறாது கூடிவருவது எளிய செயலன்று. ஆர்வத்தால் தொடங்கப்பெறும் அமைப்புகள் பலவும் இரண்டாம் ஆண்டிலேயே தளர்ந்துவிடுவதைத் தமிழகம் அறியும். எனவே இந்த வட்டம் கடந்து வந்த வழியைப் பாராட்டுதல் முறையே. அதனோடு, இனிச் செய்ய வேண்டுவது யாது என எண்ணிப் பார்த்தலும் இந்நாளுக்குப் பொருத்தமுடையது. ஆதலின் குறிக்கோள் என்பது பற்றியே இவ்வுரை அமைகிறது.

குறிக்கோளைப் பற்றி மிகுதியாகப் பேசப்படும் காலம் இது. தன்முன்னேற்ற நூல்கள் கடைதோறும் கிடைக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இரண்டு செய்திகளை வலியுறுத்துகின்றன: மன உறுதி வேண்டும், திட்டமிட்ட வழிமுறை வேண்டும். இரண்டும் உண்மையே. ஆயினும் வள்ளுவர் இவ்விரண்டிற்கும் முன்னே மற்றொன்றை வைத்துள்ளார். அமைச்சியலில் 66ஆம் அதிகாரம் வினைத்தூய்மை. 67ஆம் அதிகாரம் வினைத்திட்பம். 68ஆம் அதிகாரம் வினைசெயல்வகை. அமைச்சனுக்கு உரைத்தனவாயினும், வினைமேற்கொள்ளும் எவர்க்கும் இவை பொருந்துவன. எடுத்த வினை செய்யத்தக்கதுதானா என்னும் ஆராய்ச்சி முதலாவது. அதில் உறுதியாக நிற்றல் அடுத்தது. செய்யும் முறை மூன்றாவது. இவ்வரிசை கருதத்தக்கது. தகாத ஒன்றில் உறுதி கொண்டவனுக்கு அவ்வுறுதியே இடராக முடியும்.

இம்மூன்றும் ஒரு வாழ்வில் எவ்வாறு கூடி நின்றன என்பதைக் காண்பதற்கு டாக்டர் உ.வே.சாமிநாதையரின் பணியைப் போன்ற சான்று வேறொன்று கிடைப்பது அரிது. அவர் பெயரை அறியாதார் இந்த அவையில் இலர். எனினும் அவருடைய குறிக்கோள் எப்போது, எப்படித் தோன்றியது என்பது தனியே நோக்கத்தக்கது.

1855ஆம் ஆண்டு பிறந்தவர் சாமிநாதையர். குடும்பம் வறியது. தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். மகனுக்குத் தமிழ் சொல்லித்தரத் தக்கார் எங்கே உளர் எனத் தேடி, குடும்பமே ஊர் ஊராகப் பெயர்ந்தது. இளமையில் அவருக்கிருந்த குறிக்கோள் ஒன்றே: மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்க வேண்டும் என்பது. 1871இல் அது கைகூடியது. 1876இல் ஆசிரியர் மறையும்வரை அவரைப் பிரியாது கற்றார். பின்னர் அதே ஆசிரியரின் மாணாக்கரான தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபோது, அவருடைய பரிந்துரையால் 1880இல் அப்பதவி சாமிநாதையருக்குக் கிடைத்தது. மாத ஊதியம் ஐம்பது ரூபாய். வறுமையில் வளர்ந்தவர்க்கு அது பெருவாழ்வு.

இருபத்தைந்து வயதில், தாம் எண்ணிய இரண்டும் நிறைவேறப் பெற்றவர் அவர். தனிவாழ்வின் குறிக்கோளாகிய கல்வியும் வந்தது. தொழில்வாழ்வின் குறிக்கோளாகிய பதவியும் வந்தது. அத்துடன் அமைந்திருந்தால் நல்லாசிரியர் ஒருவராக, சிற்றிலக்கியங்கள் சில பாடிய புலவர் ஒருவராக அவர் நினைக்கப்பட்டிருப்பார்.

அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். முதலியார் அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்தவர். என்னென்ன நூல்கள் கற்றீர் என அவர் வினவ, சாமிநாதையர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என நீண்டதொரு பட்டியலை உரைத்தார். முதலியார் அதனால் வியப்புறவில்லை. இவற்றிற்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே விடையாக இருந்தது.

அந்த இல்லை என்னும் சொல்லிலிருந்துதான் பிற்காலத்துப் பெரும்பணி முழுவதும் தோன்றியது. தமிழ் முழுவதையும் மீட்பேன் என்று சூளுரைத்துத் தொடங்கியதன்று அது. தாம் அறியாத ஒன்று உண்டு என அறிந்ததும், அந்த அறியாமையைப் பொறுக்க இயலாமற்போனதுமே அதன் தொடக்கம். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். அதைப் பாடஞ்சொல்லத் தொடங்கியபோதுதான், கற்ற கல்வி அனைத்தும் அந்நூலுக்குப் போதவில்லை என்பது சாமிநாதையருக்கு விளங்கிற்று.

சிந்தாமணி சமண காவியம். அவரோ சைவ ஆதீனத்தில் பயின்றவர். சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண நூலில் இத்துணை ஈடுபடுதல் தகுமோ எனக் குறை கூறியோரும் உண்டு. வினைத்தூய்மை என்னும் ஆராய்ச்சி இங்கேதான் அவருக்கு நேர்ந்தது. சமயம் வேறாயினும் இது தமிழ்ச் செல்வம். இதனை உள்ளவாறு அறிந்து உள்ளவாறு தருவதே கடன் எனத் தெளிந்தார். கும்பகோணத்தில் வாழ்ந்த சமண அன்பர்களை நாடிச் சென்றார். அவர் சென்றபோது அவர்தம் இல்லம் விழாக்கோலம் பூண்டிருந்தது. சிந்தாமணியைத் தொடர்ந்து படித்து அன்று நிறைவு செய்கிறோம் என்றனர். தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் பொருளறிய இடர்ப்பட்ட நூல், அதே ஊரின் மற்றொரு தெருவில் வழிபாட்டு நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது! அவர்களிடம் மாணவராக அமர்ந்து ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் மணிமேகலையை ஆராய்ந்தபோதும், கல்லூரியில் உடன்பணியாற்றிய மளூர் ரங்காசாரியாரிடம் பௌத்த சமயக் கருத்துகளைக் கேட்டறிந்தார். குறிக்கோள் உடையவன் கேட்பதற்கு நாணுவதில்லை.

அடுத்தது வினைத்திட்பம். ஏடு தேடிய வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல. குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்கள் அடுக்கி வருமிடத்தில், கிடைத்த பிரதிகளில் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. சில பூப்பெயர்கள்தானே என்று விட்டுவிடலாம். புள்ளியிட்டு அச்சிட்டால் எவரும் குற்றங் கூறார். அவர் மனம் ஒப்பவில்லை. தேடித் தேடி, முடிவில் தருமபுர ஆதீனத்து ஏட்டில் அப்பகுதியைக் கண்டெடுத்தார். இன்று அப்பாட்டை ஓதும் மாணவன் அந்த இடத்தைத் தடையின்றிக் கடந்து செல்கிறான்.

சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. பாராட்டினோர் பலர், பிழை கூறித் துண்டறிக்கை பரப்பினோரும் இருந்தனர். மனம் வருந்தி மறுப்பெழுத முற்பட்ட அவரை, உடன்பணியாற்றிய பெரியவர் ஒருவர் தடுத்தார். மறுப்புக்கு மறுப்பு என நீளும் வழியில் காலம் வீணாகும் என்பது அவர் அறிவுரை. சாமிநாதையர் அதனை ஏற்றார். 1889இல் பத்துப்பாட்டு வெளிவந்தது; 1892இல் சிலப்பதிகாரம்; 1894இல் புறநானூறு; 1898இல் மணிமேகலை. கண்டனம் எழுதியோர்க்கு இந்நூல்களே விடையாயின. இலக்கிய உலகில் பகைமைக்குச் செலவாகும் ஆற்றல் எத்துணை என்பதைக் கவிஞர் பெருமக்கள் அறிவார்கள். ஆகவே இந்நிகழ்ச்சி அவர்கள் சிந்தனைக்கு உரியது.

மூன்றாவது வினைசெயல்வகை. பெருஞ்செயலைச் சிறு சிறு நாட்செயல்களாகப் பகுத்துக்கொண்டமை அவரிடம் காணத்தக்க சிறப்பு. பிரதிகளை ஒப்புநோக்குதல், பாடவேறுபாடுகளைக் குறித்தல், அருஞ்சொற்களை அகரவரிசைப்படுத்துதல் எனப் பணி நாள்தோறும் நடந்தது. சிந்தாமணிக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் பற்பல நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுவார்; பெரும்பாலும் நூற்பெயர் கூறமாட்டார். அம்மேற்கோள்களின் இருப்பிடத்தைத் தேடிச் சென்றதே சாமிநாதையரைச் சங்க நூல்களிடம் சேர்த்தது. முதற்பணியை ஒழுங்காகச் செய்ததனால் அடுத்த பணிக்கு வழி திறந்தது. தொடக்கத்திலேயே முழுவழியும் தெரியவேண்டும் எனக் காத்திருந்தால் முதலடியே எடுத்து வைத்திருக்க இயலாது.

பொருள்வழியும் கூறத்தக்கது. ஐம்பது ரூபாய் ஊதியத்தில் காவியம் அச்சிட இயலாது. அன்பர்களிடம் கையொப்பம் பெற்று முன்பணம் திரட்டினார். விடுமுறை நாள்களில் சென்னை சென்று அச்சுத்தாள் திருத்தினார். ஆசிரியத் தொழிலை அவர் விடவில்லை. 1903 வரை கும்பகோணத்திலும், பின்னர் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றிக்கொண்டேதான் இவற்றைச் செய்தார். வகுப்பில் பாடஞ்சொன்ன பயிற்சி பதிப்புக்கு உதவியது. பதிப்பின் அறிவு வகுப்பை வளப்படுத்தியது. தொழிலும் குறிக்கோளும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்பது பெரும்பேறு.

எல்லார்க்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம் பிள்ளை சாமிநாதையருக்கு மூத்தவர். பதிப்புத் துறையில் முன்னோடி. அரசுப் பணியிலும் நீதித் துறையிலும் வாழ்ந்த அவருக்குத் தொழில் வேறு, தமிழ்ப்பணி வேறு. எனினும் தொல்காப்பிய உரைகளையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். வங்கியிலும் அலுவலகத்திலும் கடையிலும் பணி செய்துகொண்டே கவிதை எழுதும் அன்பர்களுக்குத் தாமோதரம் பிள்ளையின் வாழ்வு நெருக்கமானது. நேரமில்லை என்னும் குறையை அவர் தம் செயலுக்குத் தடையாகக் கொள்ளவில்லை.

இவ்வளவிற்கும் மேலாகக் காலம் என்பதொன்று உண்டு. காலமறிதலுக்கென்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். ஏடுகளுக்கு ஆயுள் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிச் சாமிநாதையர் சென்றபோது, பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாகக் கூறக் கேட்டுத் துடித்தார். தீமை செய்யும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. அதுவே முறையெனக் கருதிச் செய்தார்கள். அத்தீயில் எரிந்த நூல்கள் எவையென இனி எவராலும் சொல்ல இயலாது. அவர் தேடல் சில ஆண்டுகள் முற்பட்டிருந்தால் சில நூல்கள் பிழைத்திருக்கலாம். பிற்பட்டிருந்தால் இன்று கிடைத்துள்ளனவற்றுள்ளும் சில அழிந்திருக்கும். ஓய்வு பெற்றபின் செய்வோம் என ஒத்திவைக்கப்படும் பணிகளின் கதி இத்தகையதே.

மற்றொன்றும் கவிஞர் அவையில் கூறத்தக்கது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை எண்ணற்ற தலபுராணங்களும் சிற்றிலக்கியங்களும் பாடிய பெருங்கவிஞர். அவர் மாணவரும் செய்யுள் இயற்ற வல்லவரே. ஆசிரியர் நடந்த வழியிலேயே நடந்திருந்தால் எளிதிற் புகழ் கிடைத்திருக்கும். ஆனால் தம் காலத்திற்கு வேண்டிய பணி வேறென உணர்ந்து, பாடும் ஆற்றலின் பெரும்பகுதியைப் பழம்பாடல்களைக் காக்கும் பணிக்கு ஈந்தார். இது இழப்பும் ஆகும். அதனை இழப்பென்றே ஒப்புக்கொள்ளுதல் நேர்மை. எதையும் விட்டுக்கொடாமல் எல்லாவற்றையும் அடையலாம் எனக் கூறும் அறிவுரைகள் இனிமையானவை. வாழ்க்கை அவற்றிற்குச் சான்று பகர்வதில்லை. ஆசிரியரை அவர் மறந்தாருமல்லர். இரண்டு பாகங்களாக அவருடைய வரலாற்றை எழுதி நன்றிக்கடன் ஆற்றினார்.

குறுந்தொகைப் பதிப்பு 1937இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு. முதலியார் வினவிய நாளிலிருந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. அதன்பின்னும் அவர் ஓயவில்லை. 1940இல் 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. பிற்கால வாழ்வின் பெரும்பகுதி எழுதப்படாமலே நின்றது. எல்லாக் குறிக்கோளும் நிறைவேறுவதில்லை என்பதற்கு இதுவும் சான்று. ஆனால் 1943இல் அவர் பெயரால் நூல்நிலையம் அமைந்தது. அவர் தொகுத்த ஏடுகள் அங்கே காக்கப்பெற்றன. ஒருவர் முடிக்காததைப் பிறர் தொடர்வதற்கு அமைப்புகள் வேண்டும்.

இலக்கிய வட்டங்களின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. கவிதை எழுதுவது தனியொருவர் பணி. காப்பது பலர் கூடிச் செய்யும் பணி. இவ்வட்டாரத்தில் வாழ்ந்து மறைந்த புலவர்களின் அச்சேறாத கையெழுத்துப் படிகள் எத்தனை வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன? நின்றுபோன சிற்றிதழ்களின் முழுத்தொகுதி எவரிடம் உள்ளது? நாற்று நடும்போதும் ஒப்பாரியிலும் பாட்டியர் பாடும் பாடல்களைப் பதிந்து வைத்தோர் உளரா? இவ்வினாக்களுக்கு இல்லை என்பதே விடையானால், அந்த இல்லையிலிருந்து அடுத்த பத்தாண்டுக்கான பணி தொடங்கலாம். திங்களுக்கு ஒரு வீடு, ஒரு பரண், ஒரு முதியவரின் குரல். இந்த அளவு போதும். பத்தாண்டில் நூற்றிருபது திங்கள்கள் உள்ளன.

இளங்கவிஞர்களுக்கும் இதுவே பொருந்தும். பரிசும் பட்டமும் நாடுதல் குற்றமன்று. ஆனால் அவை கிடைத்தபின் எஞ்சுவது யாது என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். தாம் படித்த நூல்களின் பட்டியலை ஒருவர் பெருமிதத்தோடு கூறும்போது, இதற்கு முற்பட்டதைப் படித்ததுண்டா எனக் கேட்கும் நண்பர் ஒருவர் அவருக்கு வேண்டும். கூட்டந்தோறும் பாராட்டுரை கேட்டு மகிழ்வதோடு, அத்தகைய வினாவை அன்போடு எழுப்பவும், சினவாது ஏற்கவும் இந்த வட்டம் இடமளிக்குமாயின், அதன் இருபதாம் ஆண்டு மலர் இதனினும் கனமுடையதாக அமையும்.

வட்டம் வளர்க! அதன் பணி சிறக்க!