இருளில் இறங்கும் படிகள்



மழையும் முகிலும் மறைத்த இரவில் ஓடுபாதை கண்ணுக்குத் தோன்றாது. அக்காலை வானூர்தி வலவர் கருவிகளை நம்பியே இறங்குவர். அவ்விறக்கம் நான்கு கட்டங்களாய் அமைந்தது. நெடுவழியினின்று பிரிந்து அணுகுவழியிற் புகுவது முதற்கட்டம். விரைவைத் தணித்து ஊர்தியை இறக்கத்திற்கு ஆயத்தஞ் செய்வது இரண்டாவது. ஓடுபாதைக்கு நேர்நின்று இறங்குவது மூன்றாவது. குறித்த உயரத்தை எய்தியும் பாதை தோன்றாவிடின் மேலெழுந்து விலகுவது நான்காவது. இதனைத் தோல்வியென எண்ணுவோர் உளர், பிழை. அதுவும் முன்பே வரைந்துவைத்த வழியே.

மூன்றாங் கட்டத்தில், தரையிலிருந்து எழும் அலைக்கற்றைகள் இரண்டு துணைசெய்யும். ஒன்று பாதையின் நேர்கோட்டைக் காட்டும். மற்றொன்று ஏறத்தாழ 3 பாகைச் சரிவைக் காட்டும். சரிவுக்கற்றை இல்லையாயின், சாய்தளம் படிக்கட்டாகிவிடும். குறித்த இடத்தைக் கடக்குமுன் அடுத்த படிக்கு இறங்கலாகாது.

1997 ஆகத்து 6 ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளை. சியோலிலிருந்து 254 பேருடன் வந்த கொரியன் ஏர் 801 ஆம் வானூர்தி, மழையினூடே குவாம் தீவில் இறங்கிக்கொண்டிருந்தது. அங்குச் சரிவுக்கற்றை நிறுத்தப்பட்டிருந்தது. கட்டுப்பாட்டாளரும் அதனைச் சொல்லியிருந்தார். நிமிட்சுக் குன்றின்மேலுள்ள வழிகாட்டு நிலையத்தைக் கடக்குமட்டும் 1,440 அடிக்குக் கீழ் இறங்கலாகாது என்பது வரையறை. அந்நிலையமோ ஓடுபாதைக்கு அருகில் இல்லை. 3 கடல்மைலுக்கு அப்பால், ஊர்தி வரும் வழியிலேயே இருந்தது.

கற்றை இயங்குகின்றதா இல்லையா என்று வலவரறையிலேயே மாறுபட்ட பேச்சு எழுந்தது. பேச்சு முடியவில்லை, இறக்கமும் நிற்கவில்லை. 1,440 அடியும் கடந்தது. எச்சரிக்கைப் பொறி ஒலித்தது. விலகிச் செல்வோம் எனத் துணைவலவர் சொன்னபோது, எஞ்சியிருந்தது பத்து நொடிகூட இல்லை. ஊர்தி அக்குன்றிலேயே மோதிற்று. மாண்டோர் 228 பேர்.

தலைமை வலவர் படிமுறை இறக்கத்தை முன்கூட்டிச் செவ்வனே விளக்காமையையும், ஏனை இருவரும் அவரைக் கண்காணித்துத் திருத்தாமையையும் அமெரிக்க ஆய்வுக்குழு காரணமாகக் காட்டியது. மூத்தவர் முன் வாய்திறவாமை வீட்டில் பணிவாகலாம். வலவரறையில் அஃது எவர்க்கும் காப்பாகாது. தாழப் பறக்கும் ஊர்தியைக் கண்டு கட்டுப்பாட்டாளரை விழிப்பூட்ட வேண்டிய தரைப்பொறியும், பொய்யொலி மிகுந்ததென்று முன்னமே முடக்கப்பட்டிருந்தது. உயிர்தப்பியோர் 26 பேரே.