கடனிலிருந்து பிறந்த இயற்கை வேளாண்மை

(கட்சிப் பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் தவிர்த்த வேளாண்மை என்றவுடன், வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் போக்கு இடதுசாரி அணிகளிலும் உண்டு. அந்த ஐயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு நாட்டுப் பசு இருந்தால் முப்பது ஏக்கருக்குப் போதும் என்ற பிரச்சாரம், மண்ணியல் அறிவைவிடப் பசு அரசியலுக்கே அதிகம் உதவியது. தேசிய வேளாண் அறிவியல் கழகம் 2019இல் அக்கூற்றுகளைக் கேள்விக்குள்ளாக்கியது.

ஆனால் ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் இந்த இயக்கம் பசுவிலிருந்து தொடங்கவில்லை; கடனிலிருந்து தொடங்கியது. வாரங்கல், கம்மம் மாவட்டங்களில் பருத்தி பயிரிட்டோர் 1990களின் இறுதியில் கூட்டம் கூட்டமாகத் தற்கொலை செய்துகொண்டதைத் தோழர்கள் மறந்திருக்க முடியாது. பூச்சிமருந்து விற்ற கடைக்காரரே கடன் கொடுத்தவர். விளைச்சலை எடுத்துச் சென்றவரும் பல இடங்களில் அவரே. இந்தச் சுருக்குக் கயிற்றை அறுக்கவே கம்மம் மாவட்டத்துப் புனுகுலா கிராமத்துப் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் முன்வந்தன. வேப்பங்கொட்டைக் கரைசலும் இனக்கவர்ச்சிப் பொறியும் கொண்டு, 2004 வாக்கில் அக்கிராமம் பூச்சிமருந்தை முற்றாகக் கைவிட்டது. அதன் பின்னரே மாநில அரசின் ஊரக வறுமை ஒழிப்பு அமைப்பு, பெண்கள் குழுக்களின் கூட்டமைப்புகள் வழியே அம்முறையைப் பிற மாவட்டங்களுக்கு எடுத்துச் சென்றது.

பிரிவினைக்குப் பிந்தைய ஆந்திரத்தில் ‘ரைது சாதிகார சம்ஸ்தா’ என்னும் அரசு நிறுவனம் 2016இல் இதை மாநிலத் திட்டமாக விரிவாக்கியது. பயிற்றுநர்களாக வந்தோரில் பெரும்பாலோர் அம்முறையில் பயிரிட்டுப் பார்த்த விவசாயிகளே. பருவமழைக்கு முன்பே பலவகை விதைகளைக் களிமண்ணில் பொதிந்து விதைத்து, ஆண்டின் பெரும்பகுதி மண்ணைப் பசுமைப் போர்வையில் வைக்கும் முறை அனந்தபூரின் வறண்ட நிலங்களிலும் முயலப்பட்டது. 2024இல் போர்ச்சுகலின் குல்பென்கியன் பரிசு இத்திட்டத்துக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பாராட்டு ஒருபுறம் இருக்கட்டும். 2024க்குள் 60 லட்சம் விவசாயிகள் என்று 2018இல் அறிவிக்கப்பட்ட இலக்கு எட்டப்படவில்லை. முதன்மையான தடைகளுள் ஒன்று வயலில் இல்லை, நில உறவில் இருக்கிறது. ஆந்திரத்தில் உழுவோரில் கணிசமானோர் குத்தகைதாரர். அவர்களுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டம், பதினொரு மாத ஒப்பந்தத்தில் நில உரிமையாளர் கையெழுத்திட வேண்டும் என்கிறது. கையெழுத்திட்டால் நிலம் கைவிட்டுப் போகுமோ என்று அஞ்சும் உரிமையாளர் ஒப்புவதில்லை. ஒப்பாதபோது பயிர்க்கடனும் இல்லை, காப்பீடும் இல்லை. மண்ணில் மட்குச் சத்து ஏறப் பல ஆண்டுகள் ஆகும். அடுத்த ஆண்டு அதே வயல் தனக்குக் கிடைக்குமா என்றறியாத ஒருவர் யாருக்காக அந்த மண்ணைச் செழிப்பாக்குவார்? கேரளத்தில் நிலமற்ற பெண்கள் குடும்பஸ்ரீ வழியே குழுவாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் ஏற்பாடு, இதற்கு ஒரு பகுதி விடையே.

அடுத்தது உரம். 2010 ஏப்ரலில் கொண்டுவரப்பட்ட சத்து அடிப்படையிலான மானியக் கொள்கை, டிஏபி, பொட்டாஷ் ஆகியவற்றின் விலையை நிறுவனங்களின் கையில் விட்டது. யூரியா மட்டும் கட்டுப்பாட்டில் நின்றது. மற்றவற்றின் விலை ஏற ஏற, விவசாயி யூரியாவையே அள்ளிப் போட்டார். மண் கெட்டதற்கு அவருடைய அறியாமையைப் பழிப்போர், தாராளமயம் போட்ட இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்தின் மொத்த மதிப்பீடு 2,481 கோடி ரூபாய். இலக்கு ஒரு கோடி விவசாயிகள், 7.5 லட்சம் ஹெக்டேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 2,481 ரூபாய். அந்தப் பரப்போ நாட்டின் நிகர சாகுபடிப் பரப்பில் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. அதே 2024-25 நிதிநிலை அறிக்கையில் உர மானியம் சுமார் 1.64 லட்சம் கோடி. இந்த இடைவெளியைக் காட்டி உர மானியத்தை வெட்டச் சொல்வோரிடம் எச்சரிக்கை தேவை. இலங்கை 2021 மே மாதத்தில் ஒரே ஆணையில் ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. நெல்லும் தேயிலையும் சரிந்தன. நவம்பரில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. மாற்று வேர்விடும் வரை மானியம் நீடிக்க வேண்டும்.

மாற்று எங்கே வேர்விடுகிறது என்பதற்கு ஒடிசா சான்று. அங்கே 2017இல் ஏழு மாவட்டங்களின் 30 ஒன்றியங்களில் சிறுதானிய இயக்கம் தொடங்கப்பட்டது. பழங்குடி மக்கள் ‘மாண்டியா’ என்றழைக்கும் கேழ்வரகு அவர்களுக்குப் புதிதல்ல. ஆதரவு விலையில் அரசு அதைக் கொள்முதல் செய்ததே புதிது. கொள்முதலான தானியம் நியாயவிலைக் கடைக்குச் சென்றது. கேழ்வரகு உருண்டையாக அங்கன்வாடிக் குழந்தைகளின் கைக்கும் சென்றது.