பொதிகைச் சாரலில் ஒரு வேட்டை

பதறாத காரியம் சிதறாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வகுப்பறையில் நின்று அந்தப் பழமொழிக்குப் பலமுறை பொருள் சொன்னவன் நான். ஆனால் அதன் பொருளை எனக்கு விளக்கியது பாபநாசத்துக்கு மேலே உள்ள முண்டந்துறைக் காடு. ஒரு சிறுத்தையைக் கண்ணாரக் காண வேண்டும் என்ற ஆவலோடு அந்தக் காட்டில் நான் பல ஆண்டுகள் அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சலைப் பற்றியும், அதிலிருந்து நான் பெற்ற பாடத்தைப் பற்றியும் நேயர்களாகிய உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

வேட்டை என்றவுடன் துப்பாக்கியும் பரணும் நினைவுக்கு வரும். அந்தக் காலம் மலையேறிவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று காட்டுக்குள் செல்பவன் கையில் இருப்பவை குறிப்பேடும், அளவு நாடாவும், புகைப்படக் கருவியுமே. ஆனாலும் இதுவும் வேட்டைதான். தேடுதல், பதுங்குதல், காத்திருத்தல், ஏமாறுதல் ஆகிய நான்கும் இதிலும் உண்டு. கடைசியில் சொன்னது சற்று அதிகமாகவே உண்டு.

தாமிரபரணி பிறக்கும் மலை பொதிகை. அதன் சிகரமாகிய அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இரண்டுமே இம்மலையில் மழையைக் கொட்டுகின்றன. அந்த நீரைக் காடு பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுவதால்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து திருவைகுண்டம் வரை வயல்கள் விளைகின்றன. முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்கள் ஆயின. 1988இல் இரண்டும் இணைந்து, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவாயிற்று. புலி இங்கே மிகவும் அரிது. சிறுத்தை அவ்வளவு அரிதன்று. ஆயினும் கண்ணுக்குத் தட்டுப்படாமல் வாழும் கலையில் சிறுத்தை புலியையும் விஞ்சியது.

வனத்துறையினரின் கணக்கெடுப்புப் பணியில் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அப்படித்தான் நானும் காட்டுக்குள் சென்றேன். விடியுமுன் புறப்படுவோம். அட்டைகள் காலில் ஏறும். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டும். ஓடைக்கரை ஈரமணலில் காலடித் தடம் பதிந்திருக்கும். தடத்தின் ஓரம் இன்னும் சரியவில்லை. ஆகவே அது இரவுத் தடம் என்பார்கள். பாதை நடுவே எச்சம் கிடக்கும். அதில் மிளாவின் மயிரோ குரங்கின் நகமோ இருக்கும். மரப்பட்டையில் நகக்கீறல் இருக்கும். திடீரென்று கருமந்தி ஒன்று அடித்தொண்டையில் கத்தும்; தொலைவில் மிளா ஒன்று எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். நாங்கள் மூச்சை அடக்கி நிற்போம். கால் மணி நேரம், அரை மணி நேரம் கழியும். காடு மீண்டும் அமைதியாகும். அவ்வளவுதான்.

இப்படி ஒரு நாள் அன்று, பல நாட்கள். சிறுத்தை இருந்ததற்குச் சான்றுகள் ஏராளம். சிறுத்தை மட்டும் இல்லை. விருந்து முடிந்த பந்தலுக்குள் நுழைந்தவன் நிலைதான் எங்கள் நிலை. சங்கப் புலவர்கள், பாறையின்மீது உதிர்ந்து கிடக்கும் வேங்கைப் பூக்கள் புலிபோல் தோன்றுவதைப் பாடியிருக்கிறார்கள். அது வெறும் கற்பனை அன்று என்பதைக் களைத்த கண்களோடு காட்டில் நின்றவர்கள் அறிவார்கள். காய்ந்த இலைமேல் வெயில் புள்ளியிட்டால் போதும், நெஞ்சு துள்ளும். விரும்பியதையே காணும் இயல்பு கண்ணுக்கு உண்டு.

எங்களுக்கு வழிகாட்டிய காணி இனத்துப் பெரியவரிடம் ஒருநாள் சலிப்போடு, "சிறுத்தை இங்கே இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது நம்மைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கும்" என்றார். அந்த விடை அப்போது எனக்கு ஆறுதல் தரவில்லை.

இந்தச் சலிப்பு எனக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கண்டங்களில் பூமா என்றொரு பெரும்பூனை உண்டு. மலைச் சிங்கம் என்பது அதன் மற்றொரு பெயர்; ஆனால் அது சிங்கத்தைப் போலக் கர்ஜிப்பதில்லை. கனடாவின் வடமேற்கிலிருந்து சிலி நாட்டின் தெற்கு வரை பரவி வாழும் அவ்விலங்கை, அதே மலைகளில் ஆயுள் முழுவதும் நடந்தவர்களும் காணாமல் போவதுண்டு. மோப்ப நாய்களின் துணையின்றி அதைத் தேடிப் போகும் வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள்.

நம் நாட்டில் ஜிம் கார்பெட்டின் கதை புகழ்பெற்றது. இமயமலையில் ருத்ரபிரயாகைப் பகுதியில் 1918 முதல் 1926 வரை ஒரே சிறுத்தை, அரசாங்கக் கணக்கின்படி, 125 பேரைக் கொன்றது. அது ஆற்றைக் கடக்கும் பாலம் எது என்று ஊகித்த கார்பெட், அப்பாலத்தின் கோபுரத்தின்மேல் இருபது இரவுகள் குளிரில் காத்திருந்தார். அத்தனை இரவுகளிலும் பாலத்தைக் கடந்தது ஒரு நரி மட்டுமே. மறு ஆண்டு மீண்டும் வந்து, கோலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தின்மேல் இரவு இரவாக அமர்ந்து, 1926 மே மாதத் தொடக்கத்தில்தான் அதைச் சுட்டு வீழ்த்தினார்.

அந்தக் கார்பெட்டின் எழுத்துகளைச் சிறுவயதில் படித்து மனம் பறிகொடுத்தவர் நம் நாங்குநேரியில் பிறந்த ஏ. ஜே. டி. ஜான்சிங். அவர் துப்பாக்கியை எடுக்கவில்லை. 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். பின்னர் இந்திய வனவுயிர் நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கி, 2024இல் மறைந்தார். காடுகளைக் காலால் நடந்தே அறிய வேண்டும் என்பது அவர் வாழ்ந்து காட்டிய நெறி.

காணாத விலங்கை எண்ணுவது எப்படி? 1966இல் ஒடிசாவைச் சேர்ந்த சரோஜ் ராஜ் சௌத்ரி, காலடித் தடங்களைப் படியெடுத்து ஒவ்வொரு புலியையும் அடையாளம் காணும் முறையைக் கொண்டுவந்தார். பல்லாண்டுகள் அதுவே வழக்கில் இருந்தது. ஆனால் ராஜஸ்தானத்தின் சரிஸ்காவில் புலிகளே எஞ்சவில்லை என்ற உண்மை 2005இல் வெளிப்பட்டபோது, தடத்தை மட்டும் நம்பும் கணக்கின் குறை நாடறிந்தது. அதன்பின் தானியங்கிப் புகைப்படக் கருவிகள் இடம்பெற்றன. பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் ஒன்றையொன்று நோக்கி இரண்டு கருவிகளைக் கட்டுவார்கள். உடற்சூடுள்ள ஒன்று குறுக்கே அசைந்தால் கருவி தானே படம் பிடிக்கும். நம் கைரேகையைப் போலவே சிறுத்தையின் புள்ளிகளும் புலியின் வரிகளும் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுபடுவதால்தான் இரண்டு கருவிகள்.

கருவி வந்ததால் பொறுமைக்கு வேலை இல்லாமற் போயிற்று என்று எண்ண வேண்டா. 2018ஆம் ஆண்டுக்குரிய நாடு தழுவிய கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கருவிகள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அவற்றில் புலி இருந்தவை 76,651; சிறுத்தை இருந்தவை 51,777. அதாவது, சிறுத்தையின் ஒரு படத்துக்காக ஏறத்தாழ 670 படங்களைப் புரட்ட வேண்டும். அந்தப் பொறுமையின் பயனாகவே 2022ஆம் ஆண்டுக்கு இந்தியாவில் 13,874 சிறுத்தைகள், தமிழ்நாட்டில் 1,070 என்ற மதிப்பீடு நமக்குக் கிடைத்தது.

இதுவரை சொன்னது, காண விரும்புகிறவனின் பொறுமை. இதைவிடக் கடினமான பொறுமை ஒன்று உண்டு. அதை நான் மலையில் காணவில்லை, மலையடிவாரத்தில் கண்டேன்.

ஒருநாள் மாலை, வழக்கம்போல் ஏமாந்து இறங்கி வரும்போது, அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் தண்ணீர் கேட்டுக் குடித்தோம். ஆடு வளர்க்கும் மூதாட்டி ஒருவர் செம்பை நீட்டிக்கொண்டே எங்கள் அலைச்சலைக் கேட்டார். பிறகு, "வாத்தியாரய்யா, நீங்க அதைத் தேடி மலை ஏறுதீய, அது எங்களைத் தேடி எறங்குது" என்றார். அந்த மாதம் அவர் இரண்டு ஆடுகளை இழந்திருந்தார். நான் பல ஆண்டுகள் தேடியும் காணாத விலங்கை அவர் தம் தொழுவத்து வாசலில், காண விரும்பாமலே, கண்டிருக்கிறார். ஆட்டின் விலையை மட்டும் எண்ணிப் பார்ப்பது போதாது. இருட்டியபின் குழந்தையை வாசலுக்கு அனுப்ப அஞ்சும் அச்சத்துக்கு எந்த இழப்பீடும் ஈடாகாது.

அத்தகைய ஊர் மக்கள் கூண்டு வைக்கும்படி கேட்பது இயல்பே. 2024 மே மாதத்தில் பாபநாசத்தை அடுத்த வேம்பையாபுரத்தில் கூண்டில் சிறுத்தை சிக்கிய செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். சில வேளைகளில் கூண்டைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் கூண்டே முழு மருந்து ஆகாது. மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் என்ற பகுதியில் 2001 முதல் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து வேறிடத்துக் காடுகளில் விட்டார்கள். அதற்கு முன்பு ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர்மீதான தாக்குதல்கள், அதன்பின் 17 ஆக உயர்ந்தன என்று வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. பழகிய நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட சிறுத்தை, ஒதுங்கும் இடமும் இரையும் தெரியாமல் தடுமாறுகிறது. காலியான அதன் இடத்துக்கோ வேறொரு சிறுத்தை வந்துவிடுகிறது.

ஆகவே, நிலையான காப்பு அன்றாடச் சிறு வேலைகளில்தான் இருக்கிறது. ஆட்டுத் தொழுவத்துக்கு மேற்கூரையும் உறுதியான கதவும் வேண்டும். ஊரோரம் இறைச்சிக் கழிவைக் கொட்டினால் தெருநாய்கள் பெருகும். நாய்கள் பெருகினால் சிறுத்தை வரும். அந்தி சாய்ந்தபின் குழந்தைகள் தனியே செல்லலாகாது. ஆடு இழந்தவருக்கு இழப்பீடு காலம் தாழ்த்தாமல் கைக்கு வர வேண்டும். காட்டுக்குள் மிளாவும் புள்ளிமானும் பெருக வேண்டும். இவற்றில் எதுவும் ஒரே நாளில் நடப்பதன்று. இந்தப் பொறுமையை ஏழையின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, நகரத்தில் இருந்துகொண்டு வனவுயிரைப் போற்றுவது நியாயம் ஆகாது. அந்த மூதாட்டியின் தொழுவத்துக்குக் கதவு போடுவதும் காட்டைக் காக்கும் பணியே. தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கதவில் பங்கு உண்டு.

நேயர்கள் கேட்கக்கூடும்: "நீர் கடைசியில் சிறுத்தையைக் கண்டீரா?" கண்டேன், படத்தில். ஓடைக்கரையில் கட்டிய கருவியிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றில் நாங்கள் வரிசையாக நடந்து போகிறோம். மணி காலை ஆறேகால். அடுத்த படத்தில், நாங்கள் கால் வைத்த அதே மணலில், ஒரு சிறுத்தை நின்று நாங்கள் போன திசையைப் பார்க்கிறது. மணி ஆறு முப்பத்தைந்து. காணிப் பெரியவர் சொன்னதில் ஓர் எழுத்தும் பிசகவில்லை.

அன்று முதல் என் சலிப்பு நீங்கிவிட்டது. மனிதன் வரும் ஓசை கேட்டு ஒதுங்கி நின்று, அவன் போனபின் தன் வழியே செல்லும் சிறுத்தையே நலமாக வாழும் சிறுத்தை. அது மறைந்து வாழ இடம் இருக்கும்வரை மலை நலமாக இருக்கிறது. அடிவாரத்துத் தொழுவங்களும் நிம்மதியாக உறங்குகின்றன. எளிதில் கண்ணில் படும் நாள் வந்தால், அன்றுதான் நாம் கவலைப்பட வேண்டும். இன்னும் ஆண்டுதோறும் காட்டுக்குப் போகிறேன். வெறுங்கண்ணோடு திரும்புகிறேன், நிறைந்த மனத்தோடு திரும்புகிறேன்.