திறக்கும் முன்னே பார்த்த இதயம்

பால் குடிக்கும்போதே நெற்றி வியர்க்கும், மூச்சு வாங்கும், பாதியில் விட்டுவிட்டுப் பிள்ளை தூங்கிவிடும். சென்னை எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் ஒரு தாய் இப்படிச் சொன்னால், பக்கத்து வீட்டம்மா “சளியா இருக்கும்” என்பார். ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) எடுத்தால் சில பிள்ளைகளுக்கு இதயத்தில் ஓட்டை தெரியும். 1000 குழந்தைகளில் 8, 9 பேருக்குப் பிறவி இதயக் கோளாறு உண்டு.

வெறும் ஓட்டை என்றால் பெரும்பாலும் எக்கோவே போதும். சிலருக்கு மகாதமனி, நுரையீரல் தமனி இரண்டும் வலது கீழறையிலிருந்தே கிளம்பியிருக்கும். இடது கீழறை ரத்தம் வெளியேற இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள ஓட்டைதான் வழி. அதிலிருந்து மகாதமனிவரை உள்ளுக்குள்ளேயே தடுப்பு தைத்துப் பாதை போட முடியுமா? முடிந்தால் இரண்டு கீழறையும் பிழைக்கும். முடியாவிட்டால் ஆயுள் முழுக்க ஒரே கீழறையை நம்பித்தான் வாழ வேண்டும். இதை நெஞ்சைத் திறந்தபின் யோசிக்க நேரமில்லை. நிறுத்தி, ரத்தம் வடித்த இதயம் துவண்டு கிடக்கும். அளவோ அந்தப் பிள்ளையின் மூடிய கை அளவுதான்.

அதனால் சிடி ஸ்கேன் படங்களைக் கணினியில் கோத்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அதே இதயத்தை அடுக்கடுக்காக வார்க்கிறார்கள். அறுவை மருத்துவர் அதைக் கையில் திருப்பி, வெட்டி, எந்தக் கோணத்தில் நுழையலாம் என்று முன்கூட்டியே பார்த்துவிடுகிறார். கொச்சி அமிர்தா மருத்துவமனையில் டாக்டர் மகேஷ் கப்பனயில் குழுவினர் 5 சிக்கலான இதயங்களுக்கு இப்படிச் செய்த அனுபவத்தை 2017இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு வந்த பன்னாட்டு ஆய்வில், 10 மருத்துவமனைகளின் 40 நோயாளிகளில் 19 பேருக்கு, மாதிரியைப் பார்த்தபின் அறுவைத் திட்டம் திருத்தப்பட்டது. மற்ற 21 பேருக்கு முதல் திட்டமே நின்றது. தைரியமாகக் கத்தி எடுக்கலாமே, அதுவும் லாபம்தான் என்பேன்.

ஆனால் இந்த இதயம் துடிக்காது. மெல்லிய வால்வு இதழ்களும் இதில் சரியாக விழாது, அதற்கு எக்கோதான். பெற்றோரிடம் விளக்குவதற்கு மட்டும் இதை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் இப்படி அச்சிட்ட மாதிரி உதவுவது நோய் தெரிந்தபிறகுதான்; முதலில் நோய் பிடிபட வேண்டும். பிள்ளை பிறந்து 24 மணி நேரம் கழிந்ததும் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிமீட்டர் வைத்தால் நீலம் பாயும் கோளாறுகள் பல பிடிபடும். சில நிமிட வேலை. வீட்டுக்கு அனுப்பும் முன், “வெச்சுப் பாத்தீங்களா சிஸ்டர்?” என்று வார்டிலேயே கேட்டுவிடுங்கள்.