ஹாக்கி மட்டையும் பதிவுச் சீட்டும்

(நமது அறக்கட்டளையின் குடும்ப ஒன்றுகூடலில் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, தாய்மார்களே, மட்டையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து அமர்ந்திருக்கும் அருமைப் பிள்ளைகளே!

நம் மஹல்லாவில் சில மாதங்களாக ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது. அஸர் தொழுகை முடிந்ததும் மைதானத்தில் ஹாக்கி ஆடும் நம் பிள்ளைகளின் அணியை மாவட்ட ஹாக்கி சங்கத்தில் பதிவு செய்ய வேண்டுமா, வேண்டாமா? "பதிவு செய்தால்தான் எதிர்காலம்" என்கிறார்கள் இளைஞர்கள். "பிள்ளைகள் கூடி ஆடுகிற ஆட்டத்துக்கு எதற்கு மேலே ஒரு சங்கம், சந்தா, கையெழுத்து?" என்று பெரியவர்களில் சிலர் கேட்கிறார்கள். இரு தரப்பாரும் பிள்ளைகள் மீதுள்ள அக்கறையால்தான் பேசுகிறார்கள். இரு தரப்பையும் கேட்டு, நாம் எண்ணிப் பார்த்ததை இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

ஹாக்கி நம் மாவட்டத்துக்குப் புதிய விளையாட்டல்ல. நமக்கு வடக்கே இருக்கும் கோவில்பட்டி, தமிழ்நாட்டு ஹாக்கியின் தாய்வீடுகளில் ஒன்று. தீப்பெட்டித் தொழிலுக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் பெற்ற அந்த ஊரில் செயற்கை இழைத் தரை மைதானமும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி மையமும் இருக்கின்றன. அந்த ஊர்ப் பிள்ளை மாரீஸ்வரன் சக்திவேல் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். அந்த அணி வெண்கலம் வென்றது. சென்னையைச் சேர்ந்த முகமது ரியாஸ் 1996 அட்லாண்டா, 2000 சிட்னி ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடியவர். 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பையே சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. ஆக, நம் பிள்ளைகள் காண்பது எட்டாத கனவல்ல. கேள்வி, அங்கே போய்ச் சேரும் வழி எது என்பதுதான்.

அந்த வழி படிப்படியாக அமைந்தது. உள்ளூர் அணி மாவட்டச் சங்கத்தில் சேர வேண்டும். மாவட்டச் சங்கம் மாநில அமைப்பான ஹாக்கி யூனிட் ஆஃப் தமிழ்நாட்டின் கீழ் வருகிறது. அது ஹாக்கி இந்தியாவின் உறுப்பு. ஹாக்கி இந்தியாவோ சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பின் உறுப்பு. சப் ஜூனியர், ஜூனியர், சீனியர் தேசியப் போட்டிகளுக்கான தமிழ்நாட்டு அணி இந்த வரிசையில்தான் தேர்வாகிறது. இந்த ஏணியின் முதல் படியில் கால் வைக்காத பிள்ளை எவ்வளவு அருமையாக ஆடினாலும், தேர்வாளர் கண்ணில் படுவது அரிது.

துறைமுகத்து ஊர்க்காரர்களான நமக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. கப்பலுக்குப் போகிற நம் பிள்ளைகள் கையில் சி.டி.சி. புத்தகம் இருக்கிறது. ஒருவர் எத்தனை மாதம் கடலில் ஓடினார் என்பது அந்தப் புத்தகத்தில் முத்திரையோடு பதிந்தால்தான் அடுத்த தேர்வுக்கும் அடுத்த பதவிக்கும் கணக்கில் வரும். உழைத்தது உண்மை, அலையில் அடிபட்டது உண்மை. ஆனாலும் பதிவு இல்லையென்றால் அந்தக் கடல்நாட்கள் இல்லாத நாட்களே. விளையாட்டிலும் அதே கதைதான்.

மத்திய அரசு 1980இல் விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுப்பதற்கு ஒரு விதிமுறை வகுத்தது. அதில் சான்றிதழுக்கான படிவங்களும், எந்தப் படிவத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் தெளிவாக உள்ளன. நாட்டுக்காக ஆடியவருக்குத் தேசியக் கூட்டமைப்பின் செயலாளர்; மாநிலத்துக்காக ஆடியவருக்கு மாநிலச் சங்கத்தின் செயலாளர்; பல்கலைக்கழகப் போட்டிக்கும் தேசியப் பள்ளி விளையாட்டுக்கும் அந்தந்தக் கல்வி அதிகாரிகள். ஊர்க் கோப்பை நடத்திய குழுத் தலைவரின் கையெழுத்துக்கு அங்கே இடமில்லை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. இந்த வாசல்களிலும் முதலில் கேட்பது, அங்கீகாரம் பெற்ற அமைப்பின் சான்றிதழைத்தான். வீட்டு அலமாரி நிறையக் கோப்பை இருந்தும், விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு தாள் இல்லாமல் நிற்கும் பிள்ளையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

"பள்ளிக்கூடம் வழியாகப் போகலாமே" என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. பள்ளி விளையாட்டுகளும் முதலமைச்சர் கோப்பையும் நல்ல வாசல்கள். ஹாக்கி அணி உள்ள பள்ளியில் படிக்கும் பிள்ளை அவற்றை விட்டுவிடக் கூடாது. ஆனால் நம் அணியில் இருப்பவர்கள் எல்லோரும் பள்ளி மாணவர்களா? பத்தாம் வகுப்போடு நின்று வாப்பாவுக்குத் துணையாகக் கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மீன் ஏற்றுமதிக் கம்பெனியிலும் துறைமுகத்துக் கிட்டங்கியிலும் வேலை பார்த்துவிட்டு மாலையில் மட்டையோடு ஓடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மதரஸாவில் முழுநேரம் ஓதுகிறவர்களும் இருக்கிறார்கள். பள்ளி வாசல் மூடிவிட்ட இந்தப் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் வாசல் ஒன்றுதான் மீதி. பதிவு வேண்டாம் என்று நாம் முடிவெடுத்தால், அதிகம் இழப்பவர்கள் இவர்களே.

இனி, தயங்குகிறவர்களின் வாதங்களுக்கு வருவோம். அவற்றில் உண்மை இல்லாமலில்லை.

"சங்கம் என்றாலே சண்டை" என்கிறார்கள். ஹாக்கியில் அது நடந்தும் இருக்கிறது. 2008இல் லஞ்சப் புகார் எழுந்தபின் இந்திய ஹாக்கி கூட்டமைப்பை இந்திய ஒலிம்பிக் சங்கம் நீக்கி வைத்தது; 2009இல் ஹாக்கி இந்தியா உருவானது. எது அதிகாரபூர்வமானது என்ற வழக்கு நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2012இல் பழைய கூட்டமைப்பு, நிம்பஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உலகத் தொடர் ஹாக்கியை நடத்தியது. சென்னைக்கும் அதில் ஓர் அணி இருந்தது. ஆனால் சர்வதேசக் கூட்டமைப்பு அதை அங்கீகரிக்கவில்லை. ஒரே பருவத்தோடு அது நின்றும் போனது. அப்படியானால் பதிவே வேண்டாம் என்று முடிவு கட்டலாமா? கூடாது. பணம் கட்டுமுன், இந்தச் சங்கம் எந்த அமைப்பின் கீழ் வருகிறது என்று எழுத்தில் கேட்டு, மேல் அமைப்பிலும் விசாரித்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதே அந்த வரலாறு தரும் பாடம். 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், கூட்டமைப்புகளை அங்கீகரிக்க ஒரு தேசிய வாரியத்தையும், தகராறுகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயத்தையும் ஏற்படுத்த வழி செய்கிறது. முறையிட இடம் உண்டாகிறது. ஆனால் உறுப்பினராக இல்லாதவரின் முறையீட்டுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

"ஜும்ஆ நேரத்தில் ஆட்டம் வைத்தால்? நோன்பில் போட்டி வந்தால்?" என்று தாய்மார்கள் கேட்டார்கள். கவலைப்பட வேண்டிய விஷயம்தான். அட்டவணை வெளிவந்த அன்றே நேரம் மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்க வேண்டும். மாற்றித் தராவிட்டால் அந்த ஆட்டத்தை விடுவோம். தொழுகையை விட மாட்டோம். பயணத்தில் நோன்புக்குள்ள சலுகை பற்றி ஹஜ்ரத் அவர்களிடம் பிள்ளைகள் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பெண் பிள்ளைகளின் உடையைப் பற்றியும் கேள்வி வந்தது. மலேசிய மகளிர் அணியின் வீராங்கனைகள் பலர் தலையை மறைத்து, முழு உடையோடுதான் ஆசியப் போட்டிகளில் ஆடுகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதிவு செய்த பிள்ளைகள் எல்லோரும் மாநில அணிக்குப் போய்விட மாட்டார்கள். மிகச் சிலரே போவார்கள். பதிவு வாசலைத் திறக்கும். உள்ளே நடக்க வேண்டியது பிள்ளையின் கால்கள். யாராவது வந்து "இவ்வளவு கொடுங்கள், வேலை நிச்சயம்" என்று சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆகவே நாம் எடுத்திருக்கும் முடிவு இது: அணியைப் பதிவு செய்வோம், நான்கு நிபந்தனைகளோடு.

ஒன்று, முதலில் அணியைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் ஒரு சங்கமாகப் பதிவு செய்வோம். அதன் பிறகே ஹாக்கி சங்கத்தில் சேர்வோம். இவை இரண்டும் வேறு வேறு பதிவுகள். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை.

இரண்டு, வயது விஷயத்தில் பொய் கூடாது. ஒரு வயதைக் குறைத்துக் காட்டி ஆடுவது, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் இடத்தைப் பறிப்பதாகும். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் தேதி வேறுபட்டால் இப்போதே திருத்துங்கள்.

மூன்று, அசல் சான்றிதழ்களைப் பயிற்சியாளர் உட்பட எவர் கையிலும் விட்டுவைக்கக் கூடாது, நகல் போதும். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

நான்கு, வெளியூர்ப் பயணத்துக்கு வாப்பா, உம்மாவின் எழுத்துப்பூர்வ சம்மதமும், கூடவே போகப் பொறுப்பான பெரியவர் ஒருவரும் கட்டாயம்.

சந்தா கட்ட இயலாத குடும்பத்துப் பிள்ளைக்கு அறக்கட்டளை கட்டும். யாருக்குக் கட்டினோம் என்று எந்தப் பலகையிலும் எழுத மாட்டோம். பதிவில் சேர விரும்பாமல், மாலையில் ஓடியாடி மகிழ்ந்தால் போதும் என்கிற பிள்ளைகளுக்கும் மைதானம் எப்போதும் போலத் திறந்திருக்கும்.

ஞாயிறு தோறும் அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்குப் பிள்ளையோடு வாருங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், இரண்டு புகைப்படம் போதும். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நாமே நிரப்பித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் உழைப்பு வீணாகாமல், அவர்களின் உடலுக்கும் ஒழுக்கத்துக்கும் குடும்பத்துக்கும் பயன்படும்படி வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.